வீட்டுக்குள் ஓர் ஆகாயக் கப்பல்

போன மே மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆகாயக் கப்பல் வந்து சேர்ந்தது. பயப்பட வேண்டாம், ரிமோட்டில் ஓடும் பொம்மைதான். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் கேட்டது டிரோன். அதை வீட்டுக்குள் விட்டால் சாமி படமும் டிவியும் என்ன கதி ஆகும் என்று என் மனைவி தடுத்துவிட்டாள். சத்தமில்லாமல், எதையும் உடைக்காமல் பறக்கிற ஏதாவது உண்டா என்று தேடியதில் கிடைத்தது இது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆங்கிலத்தில் பிளிம்ப் என்கிறார்கள்.

பெட்டியில் இருந்தவை, மடித்து வைத்த வெள்ளி நிற உறை ஒன்று, அதன் அடியில் ஒட்டுவதற்குத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கூடை, கூடையில் மூன்று குட்டி விசிறிகள், ஒரு சின்ன பேட்டரி. இரண்டு விசிறிகள் முன்னே தள்ளும். ஒன்று மட்டும் சுற்றினால் கப்பல் திரும்பும். மூன்றாவது, மேலே ஏற்றவும் இறக்கவும். உறைக்குள் சட்டம் எதுவும் கிடையாது. அடைக்கிற வாயுதான் அதற்கு உருவம் தருகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஹிண்டன்பர்க் அப்படியல்ல. அதற்கு உள்ளே உலோகச் சட்டம் இருந்தது. அது 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் எரிந்து விழுந்தது. அதில் நிரப்பியிருந்தது தீப்பற்றும் ஹைட்ரஜன்.

ஆகவே, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயு பெட்டியோடு வராது. பிறந்தநாள் அலங்காரம் செய்யும் கடைகளில் நிரப்பித் தருவார்கள். "ஹீலியம்தானே, ஹைட்ரஜன் இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு நிரப்புங்கள். ஹீலியம் எரியாது. விலை கூடத்தான். நம் நாட்டுக்கு வேண்டிய ஹீலியத்தில் பெரும்பகுதி இறக்குமதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹீலியத்தின் கதையே நம் பக்கத்தில்தான் தொடங்கியது. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் வந்து, சூரியனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஒளியில் தெரியும் ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை என்று பிறகு இங்கிலாந்தில் லாக்கியர் சொன்னார். கிரேக்க மொழியில் சூரியனுக்கு என்ன பெயரோ அதையே அதற்கும் வைத்தார்கள். பூமியில் அதைக் கண்டுபிடிக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராம் எடையைத் தூக்கும். எங்கள் கப்பலில் 75 லிட்டர் பிடித்தது. உறை, கூடை, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரத் தக்காளி எடைக்குள் அடங்கியாக வேண்டும். மிச்சம் இருக்கும் தூக்கலைச் சரிக்கட்ட, கூடையின் அடியில் களிமண் துணுக்கு ஒட்ட வேண்டும். கையை விட்டால் இலை விழுவதுபோல மெதுவாக இறங்கினால் எடை சரி என்று அர்த்தம்.

பறக்க விட ஒரே ஒரு நிபந்தனை, மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஓடுகிற ஃபேனுக்கு அடியில் இந்தக் கப்பல் நிற்காது. சேலத்தில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஃபேனை நிறுத்தச் சொன்னால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாதவர் ஒருவர்தான், என் அண்ணன்.

தை மாதம் அண்ணி காலமான பிறகு அவரை ஜோலார்பேட்டையிலிருந்து எங்களோடு அழைத்து வந்திருந்தோம். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்தவர், கடைசி வரை கூட்ஸ் வண்டி ஓட்டியவர். எங்கள் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பிட வாங்க மாமா என்றால் வருவார். காபி போதுமா என்றால் போதும் என்பார். பேப்பர், டிவி, சாயங்காலம் கோயில் என்று நானும் என் மனைவியும் முயன்று பார்க்காதது இல்லை. நான்கு மாதத்தில் வாசலைத் தாண்டவில்லை.

பேரனுக்கு வீடியோ கேம் பழகிய கை. பட்டனை அழுத்திப் பிடிப்பான், கப்பல் நேரே போய்ச் சுவரில் முட்டும். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ முட்டியபோது நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"டேய், முட்டப் போற எடத்துல நிறுத்தக் கூடாதுடா. அதுக்கு முன்னாடியே விட்டுடணும்."

"எப்படின்னு நீங்க காட்டுங்க பெரிய தாத்தா" என்று அவன் ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டான்.

அண்ணன் ஒரு தொடு தொட்டு, விரலை எடுத்துவிட்டார். கப்பல் தானாகவே கூடத்தைக் கடந்தது. பீரோவுக்கு இன்னும் நான்கடி இருக்கும்போதே பின்னுக்கு ஒரு தட்டு. ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. காற்றில் மிதக்கிற பொருளுக்குத் தரையின் பிடிப்பு இல்லை, பிரேக்கும் இல்லை. கொடுத்த வேகத்தை அது எளிதில் விடாது. ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி, நாலாயிரம் டன்னுக்கு மேல் எடை, நிறுத்த ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும் என்று கணக்குப் போட்டே ஆயுள் முழுக்க ஓட்டிய கைக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

"மஞ்சள்லயே ஆரம்பிச்சுடணும். சிவப்பப் பாத்தப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் பேரனிடம்.

மறுநாளிலிருந்து கூடம் ரயில் பாதையாகிவிட்டது. அடுக்களை வாசல் ஜோலார்பேட்டை, சோபா திருப்பத்தூர், ஊஞ்சல் மொரப்பூர், ஜன்னல் பொம்மிடி, பீரோ சேலம். பேரன் கார்டு, பச்சைத் துண்டை ஆட்டுவான். நான் சிக்னல். இரண்டு கிழவர்களும் ஒரு பையனும் வியர்த்து வழிய நின்றோம்.

ஒரு நாள் கப்பல் அடுக்களை வாசலை நெருங்கும்போது அண்ணன் சொன்னார்: "ராத்திரி எத்தன மணிக்கு நான் வந்தாலும் உங்க பெரிய பாட்டி குவார்ட்டர்ஸ்ல சமையக்கட்டு லைட்ட அணைக்க மாட்டாடா. அதப் பாத்தாத்தான் வீடு வந்துச்சுன்னு தோணும்." உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அண்ணி போன பிறகு அவர் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. பேரன் மட்டும், "அப்புறம்?" என்றான். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

ரப்பர் பலூனில் ஹீலியம் ஒரு நாள் தங்கினால் அதிகம். இந்த உறையில் இரண்டு வாரம் தாங்கியது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். காலையில் எழுந்ததும் களிமண்ணில் ஒரு கிள்ளு எடுத்து எடையைச் சரி செய்வது அண்ணனின் வேலையாயிற்று. அதற்காகவே என் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வார். பேரன் ஊருக்குப் போன மூன்றாம் நாள், எடுக்கக் களிமண் மிச்சமில்லை. கப்பல் தரையோடு கிடந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். துக்கத்தில் இருப்பவருக்கு நாங்கள் எல்லாரும் எதையாவது கொடுக்கத்தான் பார்த்தோம். அவரிடம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டவன் பேரன் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "அந்தக் கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டார். நடந்தே போனோம். திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். கப்பலை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.