மலை ஏறுது அம்பாசடர்... முள் ஏறலையே!

மேட்டுப்பாளையம் தாண்டியதும் பாக்குத் தோப்புகளின் குளுமை முகத்தில் வந்து மோதுகிறது. கல்லாறில் மலைச்சாலை தொடங்கிவிடும். அங்கிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். புது கார்களுக்கு இது உல்லாசம். பழைய அம்பாசடருக்கோ பரீட்சை!

அப்படியொரு வெள்ளை அம்பாசடரில் ஒரு தாத்தாவும், கல்லூரியில் படிக்கும் பேத்தியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வளைவு தாண்டியும் டெம்பரேச்சர் முள் ‘சி’ எழுத்தை விட்டு அசையவே இல்லை.

“இன்ஜின் சூடாகலைன்னா நல்லதுதானே தாத்தா?”

“இந்த ஏத்தத்துல சூடாகாத இன்ஜின் ஏது கண்ணு? முள்ளு பொய் சொல்லுது.”

பர்லியாறு பழக்கடைகளின் ஓரம் வண்டி நின்றது. தாத்தாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. முள்ளை நம்பி ஓட்டி, உள்ளே தண்ணீர் வற்றியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். மேலே போகப் போகத் தண்ணீரும் சீக்கிரம் கொதிக்கும். சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது.

பானட்டைத் திறந்துவிட்டு, இருவரும் டீ குடித்தார்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார் தாத்தா. தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஊற்றினார்.

அடுத்து சோதனை. இன்ஜினில் இருக்கும் சென்ஸாரிலிருந்து ஒயரைக் கழற்றி, சாவியை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். ஒயர் நுனியை இன்ஜினின் இரும்பில் சில விநாடிகள் தொட வைத்தார்.

“தாத்தா, முள்ளு ஏறுது!”

உடனே ஒயரை எடுத்துவிட்டார். அதிக நேரம் தொட்டால் கேஜ் கெட்டுவிடும். முள் ஏறியதால் கேஜும் ஒயரும் நன்றாக இருப்பது உறுதி. ஏறாமல் இருந்திருந்தால் அவற்றில்தான் கோளாறு. பெட்ரோல் முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான கரன்ட் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

மிச்சம் சென்ஸார்தான். அதன் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒயரை இறுக்கி மாட்டினார். வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடத்தில் முள் மெதுவாக எழுந்து நடுவில் நின்றது. ஒரு ரூபாய் செலவில்லை!

“ஏனுங்கய்யா, கிளம்பிட்டீங்களா?” என்ற பழக்கடைக்காரரிடம் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். இதே மலையில் பல் சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீராவி ரயில்கூட, ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் குன்னூர் போகிறது.

“இனி முள்ளைப் பார்க்கறது உன் வேலை. ரோட்டைப் பார்க்கறது என் வேலை” என்றார் தாத்தா. குன்னூர் வரும்வரை பேத்தி கண்ணை எடுக்கவில்லை.