பாட்டா பாக்கெட்டில் ராணி!

சில மாசத்துக்கு முன்னால என் நெற்றியில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது பாஸ்... 1589!

செமஸ்டர் ரெஜிஸ்டர் நம்பர்னு நினைச்சுடாதீங்க. அது என் செஸ் ரேட்டிங். சர்வதேச செஸ் சம்மேளனமான ‘ஃபிடே’ கொடுக்கிறது. மாக்னஸ் கார்ல்சன் 2014-ல் தொட்ட உச்சம் 2882. நான் எங்கே நிக்கிறேன்னு இப்போ புரிஞ்சிருக்கும். ஆனாலும் இந்த நம்பருக்காக ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நாகர்கோவில்ல ஒரு ஸ்கூல் ஹாலில் உட்கார்ந்து, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஜெயிக்காம இருக்க வழி தேடிக்கிட்டிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

அதுக்கு முன்னால பாட்டா.

எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தது அப்பாவோட அப்பா. பூதப்பாண்டியில் எங்க வீட்டுப் படிப்புரையில் போர்டை விரிப்பார். காய்களை அடுக்கினதும் தன்னோட ராணியை எடுத்து சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்குவார். “இப்போ ஆடுலே!” ராணி இல்லாத அவரை ஜெயிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. ஜெயிச்சதும் ராணி போர்டுக்கு வந்தது. அதுக்குப் பதிலா ஒரு யானை பாக்கெட்டுக்குள்ள போச்சு. பிறகு யானைக்குப் பதிலா குதிரை. ஒன்பதாம் கிளாஸ் படிக்கும்போதுதான் பாக்கெட் காலியாச்சு.

பலம் கூடினவர் காயைக் கழிச்சுக்கிட்டு ஆடுற இந்த வழக்கம் உலகம் முழுக்க ரொம்ப பழசு. பேரு, ‘ஹேண்டிகேப்’. ரெண்டு பேருக்கும் வியர்க்கணும். அப்பத்தான் அது ஆட்டம்.

ஆனா, நானூறு பேர் வர்ற டோர்னமென்ட்டில் யார் ராணியை யார் பாக்கெட்டில் போடுறது? அங்கேதான் ரேட்டிங் வருது.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியரா இருந்த ஆர்பாட் எலோ போட்ட கணக்கு இது. 1970-ல் ஃபிடே ஏத்துக்கிச்சு. விஷயம் சிம்பிள். ரெண்டு பேருக்கும் 100 புள்ளி வித்தியாசம்னா, பெரியவர் நூறு ஆட்டத்தில் 64 புள்ளி எடுக்கணும். 400 வித்தியாசம்னா 92. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தா ரேட்டிங் ஏறும். குறைஞ்சா இறங்கும். எவ்வளவு ஏறும்ங்கிறதைத் தீர்மானிக்க ‘கே’ன்னு ஒரு எண் இருக்கு. 18 வயசு தாண்டாத பொடியன்களுக்கு அது 40. என்னை மாதிரி மீசை முளைச்ச கேஸ்களுக்கு 20. அதாவது, ஒரே வெற்றிக்கு அவங்களுக்கு டபுள் போனஸ்!

இந்த ரேட்டிங்கை வெச்சுத்தான் ‘1600-க்குக் கீழே உள்ளவர்கள் மட்டும்’னு தனிப் போட்டிகள் நடத்துறாங்க. நல்ல ஏற்பாடு. இல்லேன்னா என்னை மாதிரி ஆளுங்க முதல் ரவுண்டிலேயே பெரிய தலைகள்கிட்ட அடி வாங்கிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாழைக்கா சிப்ஸ் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ப்ளஸ் டூ முடிக்கும்போது என் ரேட்டிங் 1214. 2024 மார்ச் 1-ம் தேதி தூங்கி எழுந்தா 1528! நான் ஒண்ணும் கிழிக்கலை. சின்னப் பசங்க ரேட்டிங் எல்லாம் அவங்க உண்மையான பலத்தைவிட ரொம்பக் கீழே கிடக்குன்னு ஃபிடே ஒரு திருத்தம் செஞ்சது. 2000-க்குக் கீழே இருக்கிற எல்லாருக்கும், 2000-ஐத் தொட எவ்வளவு குறையுதோ அதில் 40 சதவிகிதத்தைக் கூட்டிக் கொடுத்துட்டாங்க. 1000-ஆ இருந்த அடிமட்ட ரேட்டிங் 1400 ஆச்சு. ஆர்டினன்ஸ் போட்டு ஆல் பாஸ் ஆக்கின மாதிரி! அங்கேயிருந்து எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்துதான் 1589.

இப்போ அந்த ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். அது எல்லாரும் ஆடுற ஓப்பன் போட்டி. எட்டு ரவுண்டு முடிஞ்சப்ப எனக்கு ரேட்டிங்கில் 6.2 புள்ளி லாபம். கூட்டினா 1595.2. பரிசு வாங்குற இடத்தில் நான் இல்லை. கடைசி ரவுண்டில் எதிரே வரப்போறது 12 வயசுப் பையன். ரேட்டிங் 1489.

டீ குடிக்கப் போன இடத்தில், கூட வந்த குலசேகரத்துக்கார ரூம்மேட் மொபைலில் கணக்குப் போட்டான். “லே மக்கா, இவன ஜெயிச்சா 7.2 ஏறும். 1602 ஆயிருவ. அடுத்த மாசம் 1600-க்குக் கீழ டோர்னமென்ட் வருதுல்லா? முதல் பரிசு இருபத்தஞ்சாயிரம். அதுல ஆட முடியாது பாத்துக்க. டிரா ஆச்சுன்னா 2.8 தான் குறையும். 1592. சேஃபு!”

இருபத்தஞ்சாயிரம். என் லேப்டாப் மூடி உடைஞ்சு, பின்னால செங்கல் முட்டுக்கொடுத்துத்தான் ப்ராஜெக்ட் செஞ்சுக்கிட்டிருந்தேன். “தப்பில்லையாடே?”ன்னு கேட்டேன். “சவத்த வுடு, டிரா கேக்கது ரூல்ல உள்ளதுதானல”ன்னான்.

ரூலில் இருக்கிறதுதான். அதுதான் பிரச்னையே!

இந்தப் புத்தி செஸ்காரங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்கீயிங் பத்தி ஒருநாள் படிச்சேன். நமக்குத் தெரிஞ்ச பனி, முட்டம் துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள்ள கொட்டுற ஐஸ்தான். அமெரிக்காவில் பனிமலையில் சறுக்குற சாதாரண ஜனங்களுக்காக 1968-ல் ‘நாஸ்டார்’னு ஒரு பந்தயம் ஆரம்பிச்சாங்க. அன்னன்னைக்கு, அந்தந்த மலையில் ஒரு தேர்ந்த வீரர் முதலில் இறங்கிக் காட்டுவார். அதை வெச்சு ஓர் அளவு நேரம். அது 20 விநாடி, உங்களுக்கு 25 விநாடி ஆச்சுன்னா, நீங்க 25 சதவிகிதம் பின்னால. அதுதான் உங்க ஹேண்டிகேப். அதையும் வயசையும் வெச்சு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம்னு தரம் பிரிப்பாங்க. ஆபீஸ் போறவர் இன்னொரு ஆபீஸ் போறவரோட மோதலாம். கோல்ஃபிலும் ஹேண்டிகேப் உண்டு. அங்கே வேணும்னே மோசமா ஆடி, சுலபமான பிரிவில் ஒளிஞ்சுக்கிறவங்களுக்குத் தனிப் பேரே இருக்கு... ‘சாண்ட்பேக்கர்’. ஆக, வேலி எங்கே இருக்கோ, அதுக்குள்ள பதுங்க ஓர் ஆளும் இருக்கான். அன்னைக்கு அந்த ஆள் நான்!

ஆட்டம் ஆரம்பிச்சது. பையன் நாற்காலியில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தமிழ்நாட்டில் 12 வயசுப் பையனை அலட்சியமா நினைக்கக் கூடாது. 2019-ல் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனப்ப அவர் வயசு பன்னிரண்டுதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனப்ப பதினெட்டு.

முப்பதாவது நகர்த்தலில் எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆளுக்கு ஒரு யானை. பொறுமையா ஆடினா ஜெயிச்சிடலாம். நான் யானையை நகர்த்தினேன். “டிரா?”ன்னு கேட்டேன். கடிகாரத்தை அமுக்கினேன்.

அவன் போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி போர்டு. பிறகு தலையை ஆட்டி, மெதுவா, “வேண்டாம்ண்ணா, ஆடுவோம்”னு சொல்லிட்டான்.

டிரா மனசோட உட்கார்ந்திருக்கிறவனால் அதுக்கப்புறம் ஜெயிக்க முடியாது. என் கை வேற, மனசு வேற. பத்தே நகர்த்தலில் அந்த அதிகப்படிச் சிப்பாய் போச்சு. இன்னும் இருபதில் ஆட்டமே போச்சு. எனக்கு 12.8 நஷ்டம். அவனுக்கு 25.6 லாபம்.

கை குலுக்கிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவன் கேட்டான்: “அண்ணா, நீங்கதானே நல்லா இருந்தீங்க... ஏன் டிரா கேட்டீங்க?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி”ன்னேன்.

ராத்திரி பூதப்பாண்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம். பழைய சம்பவம் ஒண்ணு ஞாபகம் வந்து குத்துச்சு. ராணி இல்லாத பாட்டாவை ஜெயிச்ச பிறகு, அடுத்த நாள் ராணியை வெச்சு ஆட எனக்குப் பயம். “இன்னும் கொஞ்ச நாள் ராணி பாக்கெட்டுலயே இருக்கட்டும் பாட்டா”ன்னு கெஞ்சினேன். பாட்டா வெத்தலையைத் துப்பிட்டு வந்து கேட்டார்: “லேய், எம் பாக்கெட்டுல ராணி இருக்கது உனக்குப் பெருமையாலே?”

பத்து வயசில் கேட்ட கேள்விக்கு, இருபது வயசில் நான் தப்பா பதில் எழுதிட்டு வந்திருக்கேன்!

வேலி வேணும் நண்பர்களே. புதுசா ஆட வர்றவன் அடிபட்டு ஓடிப்போகாம இருக்க அது வேணும். ஆனா அது நாத்தங்கால் மாதிரி. வளர்ந்த நாத்தைப் பிடுங்கி வயலில் நடணும். அங்கேயே நிக்குறேன்னு நாம அடம் பிடிச்சா, அடுத்து விதைக்கிறவனுக்கு இடம் இருக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில்கூட ‘நமக்கு இவ்வளவுதான்’னு சின்னக் கம்பெனி வரிசையிலேயே போய் நிக்கிற சீனியர்களைப் பார்த்திருக்கேன். சி.ஜி.பி.ஏ நம்பரைக் காரணம் சொல்வாங்க. பாதிப் பேருக்கு அது காரணம் இல்லை, பயம்.

அடுத்த மாசம் நான் அந்த 1600-க்குக் கீழே போட்டிக்குப் போனேனான்னு கேட்பீங்க. போனேன். பொய் சொல்ல மாட்டேன். 1582-ஓட போனேன். பதினாலாவது இடம். பரிசு பத்து பேருக்குத்தான். பார்த்தா, அங்கே பாதிப் பேர் 1580, 1590-ன்னு என்னை மாதிரியே முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. செங்கல் இன்னும் லேப்டாப்புக்குப் பின்னாலதான் இருக்கு.

முதல் நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டின பட்டியலில் அந்தப் பையன் பேரைத் தேடினேன். வந்திருந்தா இன்னொரு தடவை ஆடி, கணக்கைத் தீர்க்கலாம்னு ஆசை. மேலேயிருந்து கீழே வரைக்கும் ரெண்டு தடவை விரல் வெச்சுப் பார்த்தேன். பேர் இல்லை.

மொபைலில் ஃபிடே லிஸ்ட்டைத் திறந்தேன். நாகர்கோவிலில் ஆடின அந்த ஒரே போட்டியில் 118 புள்ளி ஏறியிருந்தான்.

1607!