மங்கிய பட்டிகளுக்கு மீண்டும் பொலிவு

சகோதரிகளே! பழைய கார் விடயம் ஆண்களுக்குரியது என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் அலுமினியச் சட்டிக்கும் இதில் பங்குண்டு.

வாப்பா விட்டுச் சென்ற 1960களின் வொக்ஸ்வாகன் பீட்டில் காரை நான் பேணி வருகிறேன். அதன் பக்கவாட்டு அலுமினியப் பட்டிகள் வெளிறிப் போயிருந்தன. எவ்வளவு தேய்த்தும் மினுக்கம் வரவில்லை. காரணம், தொழிற்சாலையில் மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கிய ஒட்சைட்டுப் படலம். நம் நாட்டு நீலக்கல்லும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். அந்தக் கடினம் எளிதில் தேயுமா?

மத்ரஸா விடுமுறையில் பட்டிகளைக் கழற்றினேன். படலத்தை நீக்குவது காஸ்டிக் சோடாக் கரைசல். பிறகு 400, 600, 1000 இலக்க சேண்ட் பேப்பரை நனைத்து வரிசையாகத் தேய்த்து, பொலிஷ் போட்டேன். படலம் போன உலோகம் கடற்காற்றில் மீண்டும் மங்கும். அவ்வப்போது மெழுகு பூச வேண்டும்.

இனித்தான் உங்களுக்குரிய செய்தி. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆகவே சட்டி கழுவ அதைத் தொடாதீர்கள். வீட்டில் ஆண்கள் இவ்வேலை செய்தால் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணியச் சொல்லுங்கள். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க ஒருபோதும் விடாதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

பட்டி மங்கினால் மீண்டும் மினுக்கலாம். பிள்ளையின் கண் அப்படியல்ல.