பேர் போடாத ஒரு நாள்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து, மலைக்குப் போய், மாலை நிறுவை முடிந்து, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அது சம்பள நாள். 2018இல் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, சட்டத்தரணியான என்னிடம் வந்த பெண்ணுக்கு ஒரே ஒரு நாள் பேர் விழவில்லை. அதைக் கேட்கப் போன இடத்தில் வேலையே போய்விட்டது.

ஒரு பேருக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போவாளா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். போவாள். கணக்கைப் பார்த்தால் தெரியும். முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் 2016 ஒக்டோபரில் செய்த கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. வருகைக்கான அந்த 60 எல்லோருக்கும் கிடைக்காது. நிருவாகம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாட்களாவது வந்திருக்க வேண்டும். அந்த மாதம் வேலை கொடுத்தது 24 நாள். வர வேண்டியது 18. செக்ரோலில் அவருக்கு இருந்தது 17. பேர் விழாத நாளின் 500 போனது ஒரு பக்கம். பதினெட்டு நாளுக்கும் கிடைத்திருக்க வேண்டிய 1,080 ரூபா வருகைப் பணமும் சேர்ந்து போனது. ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு பூச்சியத்தால் ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நட்டம். மாதம் முழுக்க உழைத்தும் பதினையாயிரத்தைத் தொடாத வீட்டில் அது பல நாள் அரிசி, மா, பருப்பு.

சம்பளத்தன்று அவர் ஒப்பீசுக்குப் போய், செக்ரோலைக் காட்டுங்கள் என்று கேட்டார். காட்ட முடியாது என்றார்கள். மேசையில் விரித்திருந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பதிவேட்டைப் பறித்தார், உத்தியோகத்தர்களைத் தூற்றினார் என்று குற்றப்பத்திரிகை கொடுத்து, உள்ளக விசாரணை நடத்தி, வேலையை விட்டு நிறுத்தினார்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் தவணை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அவரை அழைத்து வந்தபோது அதில் பாதி கழிந்திருந்தது.

“நான் வந்தேங்க சேர். மொத நிறுவையில கொழுந்தும் போட்டேன். வரலன்னு எப்படிங்க எழுதுவாங்க?” அன்று என் அறையில் அவர் சொன்னது இவ்வளவுதான். பிறகு சபையிலும் இதையே சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

பணிநீக்கத்தை நிருவாகம் ஒப்புக்கொண்டிருந்ததால் சாட்சியத்தைத் தொடங்கும் பொறுப்பு அவர்களுடையது. வெளிக்கள உத்தியோகத்தர் கூண்டேறி, அவர் அன்று பெரட்டுக்கே வரவில்லை என்றார். ஆதாரமாக அச்சடித்த ஒரு படத்தை நீட்டினார். தினமும் காலை பெரட்டுக்களத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் ஏழு மணிக்குள் போட வேண்டுமென்பது பெரியதுரையின் உத்தரவாம். படத்தில் பனிக்கு நடுவே தலைத்துண்டும் கூடையுமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முகங்கள் தெளிவாகவே தெரிந்தன. அவர் அதில் இல்லை.

இலத்திரனியல் பதிவுகளைச் சாட்சியமாக முன்வைப்பது பற்றி 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விளக்கத்துக்கு 45 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எனக்கு அறிவித்தல் வரவில்லை. தொழில் நியாய சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இறுகக் கட்டுவதில்லை என்றாலும் ஆட்சேபித்திருக்கலாம். நான் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் படம் உள்ளே வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

“இந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது?”

“ஏழுக்கு ஒரு அஞ்சு பத்து நிமிசம் இருக்கும். ஏழுக்குள்ள குரூப்புல போடணும் சேர்.”

“பிள்ளைக் காம்பரா எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?”

அவர் நிருவாகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஏழு மணிக்கு.”

“கைப்பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுத்தானே பெரட்டுக்கு வர வேண்டும்?”

“ஆமா சேர். அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுப்போம். அது வழமைதான்.”

“அந்த வழமைப்படி பிந்தி வருகிறவர்களில் ஒருவராவது இந்தப் படத்தில் இருக்கிறாரா?”

இல்லை என்றார். என் கட்சிக்காரரின் மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பேரப்பிள்ளை இவர் கையில். மாதக்கணக்காக எந்தக் காலைப் படத்திலும் அவர் இருந்திருக்க முடியாது. மற்ற நாட்களிலெல்லாம் பேர் விழுந்திருந்தது.

பிறகு நிறுவைப் புத்தகத்தை வரவழைக்கக் கேட்டேன். அதே நாள், அவருடைய இலக்கம், முதல் நிறுவை, 7 கிலோ. இரண்டாம், மூன்றாம் நிறுவைகளில் கட்டம் வெறுமை. வேறு யாரோ தம் கொழுந்தை அவர் இலக்கத்தில் போட்டிருப்பார்கள் என்றது நிருவாகம். கொழுந்து நிறுத்தவரை நாங்களே சாட்சிக்கு அழைத்தோம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டு தோட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வது லேசான காரியமல்ல. குடியிருப்பதும் அவர்கள் லயத்தில்தான். வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காம்பராவிலிருந்து ஆள் வந்ததையும், கூடையை இறக்கி நிறுத்துப் போட்டுவிட்டு இவர் ஓடியதையும் சொன்னார். டிக்கோயா ஆதார வைத்தியசாலைத் துண்டில் அதே திகதி இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அரைப்பேராவது போட்டிருக்க வேண்டும். பூச்சியம் போட்டது யார், எப்போது போட்டார் என்பதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

நீதியும் ஒப்புரவுமான கட்டளை இட வேண்டும் என்பதுதான் இந்தச் சபைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம். புத்தகத்தில் கை வைத்தது பிழைதான், ஆனால் தன் கணக்கைப் பார்க்கக் கேட்டு மறுக்கப்பட்டவரின் பிழை அது, அதற்குப் பணிநீக்கம் மிதமிஞ்சிய தண்டனை என்று சபை முடிவு செய்தது. மீண்டும் வேலை கிடைத்தது, பின்சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைத்தது. வருகைக் கொடுப்பனவு அந்த விண்ணப்பத்தின் எல்லைக்குள் வராது என்பதால் தொழில் திணைக்களத்தில் தனியாக முறையிட்டோம். அதையும் பிறகு கட்டினார்கள்.

இந்த வழக்கு முடிந்த பிறகு, 2019 செப்டெம்பரில், அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகச் செய்தியொன்றைப் படித்தேன். அங்கே காற்பந்தாட்ட மைதானம் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும். ஆட்டம் முடியுமுன்பே மாணவர்கள் எழுந்து போகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபனுக்குக் குறை. அதற்காகக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை இறக்கினார்கள். மைதானத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் கால்பகுதி வரை இருந்தால் இன்னும் 250. மாணவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தொலைபேசியே சொல்லிவிடும். புள்ளி கூடினால் பெரிய ஆட்டங்களுக்கான நுழைவுச்சீட்டில் முந்துரிமை. விரும்பியவர் மட்டும் சேரலாம், மைதானத்துக்கு வெளியே பார்க்க மாட்டோம் என்று பல்கலைக்கழகம் சொன்னது.

புள்ளி இழந்த மாணவருக்கு ஒரு நுழைவுச்சீட்டுத்தான் போகும். என் கட்சிக்காரருக்குப் போனது சோறு. ஆனாலும் இரண்டிலும் ஒரே இடம் என்னை உறுத்தியது. கருவிக்குத் தெரிவது ஆள் அங்கே நின்றாரா, எத்தனை மணிவரை நின்றார் என்பது மட்டுமே. பகுதிநேர வேலைக்காக மூன்றாம் கால்பகுதியில் எழுந்து போகும் மாணவனும், சலித்துப் போய் வெளியேறுபவனும் அதற்கு ஒன்றுதான். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டு ஓடி வருகிறவளும், லயத்தில் தூங்குகிறவளும் காலைப் படத்துக்கு ஒன்றுதான். ஊக்கத்தொகை என்ற பெயரில் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிரித்து வைத்து, அதைத் திறக்கும் சாவியை ஒரே தரப்பின் பதிவேட்டில் பூட்டுவது அநியாயம். 2019 ஒப்பந்தத்தில் வருகை, உற்பத்திக் கொடுப்பனவுகள் எடுபட்டு அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. மொத்தம் 730இலிருந்து 750 மட்டுமே என்று ஊரே திட்டியது, திட்டியதில் நியாயமும் இருந்தது. ஆனால் நிபந்தனை இல்லாத 700 என்ற அந்த ஒரு அம்சத்தை நான் அன்றும் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

இப்போது வருகை நிபந்தனை திரும்பி வந்திருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும் என்றும், அதற்கு மேல் அரசு தன் செலவில் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தரும் என்றும் அறிவித்தார்கள். பணம் வரட்டும், வர வேண்டிய பணம்தான். வருகையை இனி யார் பதிவார், எதில் பதிவார் என்பதுதான் என் கவலை. தராசும் கைத்தொலைபேசியும் ஏற்கெனவே மலைக்கு வந்துவிட்டன. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தச் சொல்லவும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது முழுதாக நடைமுறைக்கு வர வேண்டிய 2025 மார்ச்சில், நாளைத் தள்ளிப் போட்டார்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சம்பளத்துக்கு ஒரு கிழமை முன்பே அவரவர் பேர்க் கணக்கைத் தமிழில் துண்டாகக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், ஆட்சேபிக்க நாள் கேளுங்கள், பிள்ளைக் காம்பரா திறக்குமுன் எடுக்கும் எந்தப் படமும் வருகைக்குச் சான்றாகாது என்று எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் வரும் தோட்டத் தலைவர்களிடம் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.