வெயில் படாத பிள்ளை

என் தங்கையின் மகளுக்கு ஏழு வயதிலேயே முதலாம் வகை நீரிழிவு. சென்ற மாதம் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், விற்றமின் டியும் குறைவு என்றார். மில்லிலீற்றருக்கு 12 நனோகிராம். 20 ஆவது இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலிலா என்று வியந்தேன். விடியற்காலை ரியூசன், பகலெல்லாம் வகுப்பறை, பின்னேரம் மறுபடியும் ரியூசன். வெயில் எங்கே படும்?

வட பின்லாந்தில் 1966இல் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2001இல் வெளியானது. முதல் வயதில் விற்றமின் டி ஒழுங்காகப் பெற்ற பிள்ளைகளிடம் இந்நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. பத்திரிகைக்காரன் பழக்கம், அதைத் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப இன்சுலினை விடலாமோ அண்ணா?" என்றாள்.

திடுக்கிட்டேன். வந்துவிட்ட நோயை விற்றமின் மாற்றாது, குளிசை எலும்புக்கு மட்டுமே, ஊசியை ஒரு நாளும் நிறுத்தலாகாது என்று வைத்தியரே விளக்கவேண்டியதாயிற்று. ரியூசன் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் வீட்டில் பெரிய சண்டை.