அடுத்த ரகம் எங்கே?

நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். 1842லேயே சர்க்கரை ஆலை கண்ட ஊர் இது. அரவை நடக்கும் மாதங்களில் பாகு வாசனையோடு தூங்கி, பாகு வாசனையோடு எழுந்திருக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டிராக்டர் டிப்பரிலிருந்து ஒரு கழியை உருவிக் கடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கழி என்ன ரகம், அதன் தாய் தகப்பன் எது, கொல்லைக்கு வருமுன் எத்தனை வருஷம் அதைச் சோதித்தார்கள் என்று கேட்டால், விவசாயம் படித்த பிள்ளைகள்கூட யோசிக்கிறார்கள். நான் வாழ்க்கையில் கற்றதில் பெரும்பகுதி அந்த ரகங்களின் கதையிலிருந்து வந்தது. உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைப்பதும் அதைத்தான்.

பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. ‘கோ’ என்று தொடங்கினால் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பிறந்தது. ‘கோக’ என்றால் அங்கே ஒட்டுச் சேர்த்து, நம் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்துத் தேர்ந்தெடுத்தது. கரும்பு எல்லா ஊரிலும் பூத்து விதை கட்டாது. கோயம்புத்தூரில் நன்றாகக் கட்டும். 1912ல் அங்கே நிலையம் தொடங்கியதற்கு அது முக்கியக் காரணம். பார்பர் துரையும் அவரோடு வேலை செய்த டி.எஸ்.வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற தடித்த இனிப்புக் கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்தார்கள். நாணலில் இனிப்பு கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் அது வறட்சி தாங்கும், குளிர் தாங்கும், நோய் தாங்கும். அந்தச் சேர்க்கையில் வந்த கோ 205, 1918ல் வட இந்தியாவுக்குப் போய், மெலிந்த நாட்டுக் கரும்பை நம்பியிருந்த விவசாயிகளுக்குப் புது வழி திறந்தது. பிறகு முப்பதுகளில் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் அதே நிலையத்துக்கு வந்து, கரும்பின் குரோமோசோம்களை எண்ணி, அதை மற்றப் புல்லினங்களோடு சேர்த்துப் பார்த்தார். பெண் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பெண்ணையாற்றுக் கரையில் நாணல் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது அதை வெறும் களை என்று நான் நினைப்பதில்லை.

நாம் கரணை நடுகிறோம். கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் அச்சு. ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது. விதையிலிருந்து வருவது அப்படியில்லை. ஒரே பூங்கதிரில் விளைந்த விதைகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றைப்போல ஒன்று இராது. ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி ஆயிரக்கணக்கில் நாற்று விடுகிறார்கள். முதல் வருஷமே பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சியதைக் கரணை வெட்டி நட்டு, தூர் எண்ணி, எடை பார்த்து, சாற்றின் இனிப்பைப் பிரிக்ஸ் மானியில் அளந்து, மறுபடி கழிக்கிறார்கள். தேறி வரும் கரும்பில் கணுவிடைப் பகுதியில் துளை போட்டு, செவ்வழுகல் பூஞ்சையின் வித்தை வேண்டுமென்றே உள்ளே விட்டு அடைத்து, இரண்டு மாதம் கழித்துப் பிளந்து பார்க்கிறார்கள். நோய் பரவாமல் நின்றால்தான் அடுத்த படி. அதன் பிறகும் பல ஊர் மண்ணில், விவசாயிகளின் சொந்தக் கொல்லையில், முதல் நடவிலும், வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்பிலும் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் சாதாரணமாக ஆகிவிடும். ஒட்டுச் சேர்த்தவர் ஓய்வு பெற்ற பிறகு ரகம் வெளிவருவதும் உண்டு.

நம் கடலூர் நிலையம் நாட்டுக்குக் கொடுத்த பெரிய கொடை கோக 671. ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்லமாட்டார்கள். ‘அறுநூத்தி எழுபத்தொண்ணு’ என்றால் போதும். ஆஸ்திரேலியாவின் க்யூ 63க்கும் கோ 775க்கும் பிறந்தது. சீக்கிரம் முற்றும், சர்க்கரைக் கட்டுமானம் அதற்கு முன்னால் யாரும் பார்த்திராத அளவு. எண்பதுகளில் தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரம், குஜராத் என்று பரவியது. ஆலைகள் அதைத்தான் கேட்டன. விவசாயியும் அதைத்தான் போட்டார். ஒரு வரப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே ரகம்.

அந்தக் கரும்பின் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் உண்டு. அதனால்தான் அது விழுந்த விதத்தை உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

செவ்வழுகல் வந்தது. முதலில் நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலை ஓரத்தில் மஞ்சளிக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு தண்ணீர் கட்டுவார்கள். பிறகு தோகை முழுதும் காயும். அப்போது கழியை வெட்டி நீளவாக்கில் பிளந்தால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். சிவப்புக்கு நடுவே குறுக்கே வெள்ளைத் திட்டுகள். புளித்த சாராய வாடை. வெளியில் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். நோய் கரணைக்குள் ஒளிந்து ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குப் போகும். பாய்ச்சும் தண்ணீரோடு பாத்திக்குப் பாத்தி போகும். அதற்கு மருந்தடித்து வயலை மீட்க வழி கிடையாது. தூரோடு பிடுங்கி எரிக்க வேண்டும், கட்டைக் கரும்பு விடக்கூடாது, நெல் போட்டுப் பயிரை மாற்ற வேண்டும், ரகத்தை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆளுயரம் தாண்டி நின்ற கரும்பைத் தீயிட்ட குடும்பங்கள் உண்டு.

ஏன் அப்படி ஆனது? ரகம் கெட்டுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். கரணையில் வரும் பயிர் ஒரு தலைமுறையில் அப்படி மாறாது. மாறியது பூஞ்சை. அது ஓயாமல் உருமாறிக்கொண்டே இருக்கிறது. லட்சக்கணக்கான ஏக்கரில் நிற்பது ஒரே செடியின் அச்சு என்றால், அந்த ஒரு செடிக்குள் புகும் வழியைப் பூஞ்சை கண்டுபிடித்த அன்றைக்கு எல்லாக் கொல்லையின் கதவும் திறந்துவிடுகிறது. எல்லோரும் அதையே நட்டது அதன் பலவீனமாகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. கோயம்புத்தூரில் கோ 62198 என்ற கரும்பைத் தாயாகவும், நம் 671ஐத் தந்தையாகவும் வைத்து ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் தேறியதுதான் கோ 86032. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது பெயர் பெற்ற 1986ஐக் குறிக்கின்றன. நாட்டளவில் வெளியிடப்பட்டது 2000ல். நடுவே பதினான்கு வருஷச் சோதனை. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்ததும், மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கோலோச்சியதும் அதுதான். கடலூரில் தேர்ந்தெடுத்த கரும்பின் இனிப்பு அப்படி இன்னொரு பெயரில் நாடு முழுதும் ஓடியது. 671 தோற்றுவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வடக்கே இதே கதை மறுபடி நடந்தது. கர்னாலில் டாக்டர் பக்ஷி ராம் உருவாக்கிய கோ 0238, உத்தரப் பிரதேச விவசாயியின் வருமானத்தைக் கண்கூடாக உயர்த்தியது. அங்கேயும் எல்லோரும் அதையே நட்டார்கள். அதற்கும் செவ்வழுகல் வந்தது. அதற்கும் தந்தை கோ 775 என்று படித்தபோது எனக்கு 671தான் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளே, இதில் நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒரு ரகம் உச்சத்தில் நிற்கும் நாளில்தான் ஆராய்ச்சி நிலையத்தில் அடுத்த ரகத்துக்கு விதை போட்டாக வேண்டும். விழுந்த பிறகு தேடினால் பத்து வருஷம் கொல்லை காலி. உங்கள் படிப்பும் வேலையும் அப்படித்தான். நம் ஊரில் ஒரு படிப்புக்கு மதிப்பு வந்தால் தெருவில் எல்லா வீட்டிலும் அதையே போடுகிறோம். வரப்புக்கு வரப்பு 671. கையில் இருக்கும் தொழில் நன்றாக ஓடும்போதே இன்னொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை தவறிப்போனவர்கள், அதுவரை கற்றதை வீசிவிடாதீர்கள்; அதில் எது அடுத்ததுக்குத் தந்தையாகும் என்று அன்றைக்குத் தெரியாது.

அடுத்தது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கும் வயலில் பதில் இருக்கிறது. எந்தச் சோதனைத் திடலிலும் புது ரகத்தைத் தனியாக நட்டுப் பார்க்க மாட்டார்கள். பக்கத்திலேயே பழைய, தெரிந்த ரகம் ஒன்றை ‘செக்’ என்று நட்டிருப்பார்கள். புதுசு அதை மிஞ்ச வேண்டும். அதுவும் ஒரு பாத்தியில் மிஞ்சினால் போதாது. வாய்க்கால் தலைமடையில் நட்டால் எந்த ரகமும் ஜெயிக்கும். கடைமடையில் நல்ல ரகமும் சோடை போகும். அதனால் ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில், யார் விருப்பத்துக்கும் விடாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இடம் ஒதுக்கி நடுகிறார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணைக்கு 1919ல் வந்த ஃபிஷர் என்ற கணிதக்காரர் வகுத்துக் கொடுத்த முறை இது. அதே பண்ணையில் 1843ல் தொடங்கிய கோதுமைச் சோதனையில், உரமே போடாத ஒரு பட்டையை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. நம் கோயம்புத்தூரிலும் 1909ல் தொடங்கிய அப்படியொரு நிரந்தர உரச் சோதனை உண்டு.

கூடப் படித்தவன் முன்னால் போய்விட்டான் என்று மனம் நொந்து வரும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் கேட்பேன்: அவன் நின்றது தலைமடையா, நீ நின்றது கடைமடையா? மடையைக் கணக்கில் எடுக்காமல் மகசூலை ஒப்பிடுவது விஞ்ஞானமும் ஆகாது, நியாயமும் ஆகாது. தலைமடையில் பிறந்த பிள்ளைகளும் தங்கள் விளைச்சலைப் பார்க்கும்போது அந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றையே நம்பி நிற்கும் ஆபத்து கரும்புக்கு மட்டும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரி ஒன்றையே நம்பியிருந்த வீடுகள் புதுக் கன்று காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மல்லாட்டையோ காய்கறியோ பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த பட்டத்திலேயே கையில் ஏதோ வந்தது.

எனவே நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில், கரும்பு வெட்டிய கொல்லையில் உரம் போடுமுன் மண் எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் வேண்டாம். ஆங்கில வி எழுத்துபோல் ஒன்பது அங்குல ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுங்கள். பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து, அரைக் கிலோ மிஞ்சியதும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பிறகு ஒரு நாள் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், இப்போது எந்த ரகங்கள் சோதனையில் நிற்கின்றன என்று கேளுங்கள். அப்படியே 1905லிருந்து இயங்கும் பாலூர் பண்ணைக்கும் போங்கள். பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து பாலூர் 1 பலாவைத் தேர்ந்தெடுத்த இடம் அது. உங்கள் கொல்லையில் ஒரு மூலையைப் புது ரகத்துக்கு ஒதுக்கி, பக்கத்தில் பழையதையும் நட்டு, இரண்டின் எடையையும் வெட்டு முடிந்த அன்றே நோட்டில் எழுதி வையுங்கள். கட்டைக் கரும்பின் கணக்கையும் அதே நோட்டில் எழுத வேண்டும். முதல் வெட்டை மட்டும் வைத்து எந்த ரகத்தையும் ஆராய்ச்சி நிலையத்தில் முடிவு செய்வதில்லை.