ஒரே பாயில் விளையாட்டு

மிளகு கொள்முதல் செய்கிறவர் மணியைக் கையில் அள்ளி, கனம் பார்த்து, வாயிலிட்டுக் கடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். துணி வாங்குகிற பெண்மணி இழையைப் பிரித்துப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்கப் புறப்படும் பெற்றோர் எதைப் பார்ப்பது? கடைக்காரர் அடுக்கும் எண்களுக்குத் தலையசைப்பதும், விலையில் ஐந்நூறு குறைந்ததா என்று கேட்பதுமே பெரும்பாலும் நடக்கிறது. பெட்டியின் வேகம், படத்தின் தெளிவு, கொள்ளளவு ஆகிய மூன்றும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகின்றன. இவற்றுள் எது முதன்மையானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றையும் விட முதன்மையான ஒன்று உண்டு என்பது எங்கள் அனுபவம். அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பம் மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் குடும்பம். சேந்தமங்கலத்தில் வீடு, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டில் கடையும், கடையை ஒட்டிய குடியிருப்பும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்துவிட்டால், அறுவடை முடியும்வரை கீழே இறங்குவது அரிது. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால், அண்மை ஆண்டுகளில் நோன்பும் மிளகு அறுவடையும் ஒன்றையொன்று தழுவி வந்தன. 2025இல் பெருநாள் மார்ச் 31ஆம் நாள் வந்தது. கையில் சிறிது பணம் புழங்கும் அந்த வேளையில்தான் பிள்ளைகள் ஐவரும் ஒன்றுகூடித் தங்கள் விண்ணப்பத்தை வைத்தனர்: "அத்தா, இந்தப் பெருநாளுக்குப் புதுச்சட்டை வேண்டாம்; எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிளேஸ்டேஷன் வாங்கித் தாருங்கள்."

அது எளிய விண்ணப்பமன்று. தட்டுப் போட்டு ஆடும் பிளேஸ்டேஷன் 5, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் விலை ரூ. 49,990, தட்டு ஏற்காத வகை ரூ. 39,990. ஒரு மூட்டை மிளகைக் கொடுத்தாலும் முதல் பெட்டியின் விலை நிறையாது. ஆயினும் நாங்கள் உடனே மறுத்துவிடவில்லை. காரணம், மூத்த பையன்.

அவனுக்கு அப்போது பதினான்கு வயது. விடுதியில் தங்கிப் படிக்கிறவன். விடுமுறைக்கு மலைக்கு வந்தால், முன்பெல்லாம் தம்பி தங்கையருடன் சில்வர் ஓக் மரங்களினூடே ஓடித் திரிவான். கைப்பேசி வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, முகமறியாத யாரோ சிலருடன் நள்ளிரவுவரை சுட்டு விளையாடலானான். சாப்பிட அழைத்தால் ஒரு சொல்லில் பதில். சின்னவர்களும் அவனைப் பார்த்து ஆளுக்கொரு மூலை தேடினார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்து பிள்ளைகள் ஐந்து தனித் தீவுகள் ஆயினர். இந்நிலையில் அந்த ஐவரும் சேர்ந்து ஒன்றைக் கேட்டதே எங்களுக்கு ஒரு நற்குறியாகத் தோன்றியது.

பெரியவர்கள் கூடிப் பேசினோம். ஒருவர் வேகத்தைச் சொன்னார். ஒருவர் விலையைச் சொன்னார். ஒருவர் எதற்கு வீண்செலவு என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நன்னி ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒருத்தன் ஆடும்போது மத்த நாலு பேரும் என்ன செய்வாங்க?"

விளம்பரத் தாள்களில் இக்கேள்விக்கு விடை இல்லை. ஆனால் வீடியோ கேமின் வரலாற்றில் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த உலகின் முதல் வீட்டுப் பெட்டியான மேக்னவாக்ஸ் ஒடிசி, ரால்ஃப் பேயர் என்பவரின் ஆக்கம். அதனோடு இரண்டு கண்ட்ரோலர்கள் வந்தன. அதே ஆண்டு வெளிவந்த பாங் என்னும் ஆட்டத்தைத் தனியாக ஆடவே இயலாது. எதிரே ஓர் ஆள் வேண்டும். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியில் இரண்டு கண்ட்ரோலர்கள் பிரிக்க முடியாதபடி கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. 1996இல் வந்த நின்டெண்டோ 64 பெட்டியின் முகப்பில் நான்கு துளைகள் இருந்தன. நம்முடைய பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் எப்படித் துணை கேட்டனவோ, அப்படியே இந்தப் பொறிகளும் தொடக்கத்தில் துணை கேட்டன. இன்றோ அரை லட்சம் கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ட்ரோலர்தான் இருக்கிறது. மற்றொன்று வேண்டுமானால் மேலும் ஐந்தாறாயிரம். உடன் ஆடுபவர் இணையத்தின் மறுமுனையில் இருப்பார் என்பது இன்றைய கணக்கு.

எனவே முதற்கேள்வி இதுவென்று முடிவு செய்தோம்: ஒரே அறையில், ஒரே திரையின் முன், எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம்? இது பெட்டியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. வாங்கும் ஆட்டத்தைப் பற்றியதும் ஆகும். நால்வர் ஆட வசதியுள்ள பெட்டியிலும் ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டங்கள் பல உண்டு. உறையின் பின்புறத்தில் எத்தனை பேர் ஆடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். இணையவழி எண்ணிக்கையை விட்டுவிட்டு, நேரில் ஆடுவோர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கால்பந்து, கார்ப் பந்தயம், நால்வர் சேர்ந்து சமையற்கட்டை நடத்தும் ஓவர்குக்ட், இருவர் சேர்ந்தாலன்றி ஓர் அடியும் நகராத இட் டேக்ஸ் டூ (2021) போன்றவை இவ்வகையின.

இரண்டாம் கேள்வி எங்கள் மலை எழுப்பியது. 2020 நவம்பரில் ரூ. 34,990க்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், விலையில் கவர்ச்சியானது. ஆனால் அதில் தட்டுக்கு இடமில்லை. எல்லாம் இணையம் வழியே இறங்க வேண்டும். இன்றைய பெரிய ஆட்டமொன்று 100 ஜிபி வரை இருக்கும். நொடிக்கு 10 மெகாபிட் வேகம் தடையின்றிக் கிடைத்தாலும் அது இறங்க 22 மணி நேரத்துக்கு மேலாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் 50 நாள்! மேகம் இறங்கினால் அலைவரிசை மறையும் மலையில், மழை பெய்தால் மின்சாரம் நிற்கும் ஊரில், அதற்குள் பள்ளி விடுமுறையே முடிந்துவிடும். நகரத்தில் நல்ல இணைப்பு உள்ளவர்களுக்கு இது பொருட்டல்ல. ஆனால் எங்களுக்குத் தட்டு வேண்டும். தட்டில் வரும் ஆட்டங்களிலும் சில, மீதிப் பகுதியை இணையத்தில் கேட்கும் என்பதையும் விசாரித்தே வாங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, வாங்கிய பொருள் நம்முடையதா என்பது. மார்க்கத்தில் கொடுக்கல் வாங்கல் தெளிவாக இருக்க வேண்டும். விற்பது எது, வாங்குவது எது என்பதில் மயக்கம் கூடாது. இணையக் கடையில் பணம் கட்டிப் பெறும் ஆட்டம், உண்மையில் ஆடுவதற்கான அனுமதியே தவிர உடைமையன்று. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய பெட்டிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலையில் மூடியது. 'வாங்குக' என்ற பொத்தானை வைத்து உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் சட்டம் நடைமுறைப்படுத்தியது. தட்டு அப்படியன்று. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இரவல் தரலாம்; ஆடி முடித்தபின் விற்கலாம்; அண்ணனிடமிருந்து தம்பிக்கு வரலாம்.

நான்காவது, ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கடை. சில ஆட்டங்களில் காசு கட்டினால் உள்ளே என்ன இருக்குமென்று தெரியாத ஒரு பெட்டி திறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல பொருள். இல்லையேல் மீண்டும் காசு. இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் முடிவு கூறியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடை செய்தது. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் மதுவோடு சேர்த்துச் சூதையும் விலக்கியிருப்பதை அறிந்த நமக்கு, இதில் வேறு சான்று தேவையில்லை. எனவே வங்கி அட்டையின் எண்ணைப் பெட்டியில் பதிவதில்லை என்று தீர்மானித்தோம். உறையில் 3, 7, 12, 16, 18 என்று அச்சிட்டிருக்கும் வயது எண்ணையும் பார்த்தோம். வீட்டின் கடைக்குட்டிக்கு ஆகாத தட்டு கூடத்துக்கு வராது.

இந்நான்கையும் தராசில் வைத்தபின், வேகமும் தெளிவும் ஐந்தாமிடத்துக்குப் போயின. முடிவில் நாங்கள் வாங்கியது, 2013இல் உலகுக்கு அறிமுகமான பிளேஸ்டேஷன் 4 வகையில், ஒருவர் வைத்திருந்து விற்ற பெட்டி. புதிய பெட்டி ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே நான்கு கண்ட்ரோலர்களும், சில தட்டுகளும், திடீர் மின்தடையில் சேமிப்பு சிதையாதிருக்க ஒரு யூ.பி.எஸ். கருவியும் அடங்கின. பழைய பெட்டிக்குப் புதிய ஆட்டங்கள் ஆண்டுக்காண்டு குறையும் என்று எங்களுள் ஒருவர் சொன்னது உண்மையே. பத்தாண்டுகளாக வெளிவந்த தட்டுகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன என்பதும் உண்மை. பிள்ளைகளின் குழந்தைப் பருவம் அவற்றை ஆடித் தீர்ப்பதற்குள் முடிந்துவிடும். பழைய பெட்டி வாங்குவோர் தட்டு ஏற்கிறதா, விசிறி இரைகிறதா, கண்ட்ரோலரின் குமிழ் தொடாமலே நகர்கிறதா, முன்பு வைத்திருந்தவரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று ஓட்டிப் பார்த்து வாங்குதல் நலம்.

மார்க்கப் பற்றுள்ள வீட்டில் இது தேவையா என்று கேட்ட உறவினரும் உண்டு. மதீனாப் பள்ளிவாசலில் பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நடத்தியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்காமல் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கண்டு மகிழ வகை செய்ததையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. அந்த விளையாட்டு எல்லோர் கண்முன்னும் நடந்தது. குடும்பம் சேர்ந்து கண்டது. பெட்டியைப் பிள்ளைகளின் அறையில் வைக்காமல் கூடத்தில் வைத்ததற்கு அந்நிகழ்ச்சியே எங்களுக்கு வழிகாட்டி. அசர் தொழுதபின் திறப்பது, மக்ரிப் பாங்கு நேரம் வந்ததும் அணைப்பது, தோற்றவர் கண்ட்ரோலரை ஐந்தாமவரிடம் தருவது என்று மூன்று விதிகள் செய்தோம். தீர்ப்பு நன்னியுடையது. விளையாட்டு விளங்காவிட்டாலும் யார் அழுகிறார் என்பது அவருக்கு விளங்கும்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். மூத்தவன் கைப்பேசியைத் துறந்துவிடவில்லை. கீழே போனால் அவன் கதவு இன்னும் சாத்தப்படுகிறது. முதல் வாரம் கூடத்துப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பெட்டி என்ற ஏளனம் அவனுக்கு. பின்னர் ஒருநாள் கால்பந்து ஆட்டத்தில் தங்கை தோற்றுக்கொண்டே இருந்ததைப் பொறுக்காமல், "இப்படிப் பிடி" என்று பின்னால் வந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். மலைவாழ் மக்களின் பிள்ளைகளான அண்டை வீட்டுச் சிறுவர் இருவரும் இப்போது வருகிறார்கள். முறை கிட்டும்வரை பலாச்சுளையைத் தின்றுகொண்டு காத்திருக்கிறார்கள். பாயில் இடம் போதவில்லை. இன்னொரு பாய் விரித்திருக்கிறோம். விடுமுறை நாள்களில் மூத்தவனிடமிருந்து எங்களுக்கு இப்போது இரண்டு மூன்று சொற்களில் பதில் கிடைக்கிறது.

பெருநாளையொட்டி இத்தகைய பெட்டி வாங்க எண்ணும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைத் தேடி வரும் தோழர் எத்தனை பேர், இணையமும் மின்சாரமும் எப்படி என்று. அந்தக் கணக்கோடு போனால் விற்பவரின் எண்கள் உங்களை மயக்கமாட்டா. நம் மக்களின் ஓய்வு நேரத்தை அல்லாஹ் அவர்களுக்குள் நேசத்தை வளர்க்கும் நேரமாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.